பிழைக்க வந்தவர் குடியாகும் ஊர்



கூலி மிகுந்த இடத்தில்தான் தொழிலாளி குடியேறுவான் என்பது பலரும் கூறும் சித்தாந்தம். அது முழு உண்மையாயின், கட்டட வேலைக்கு நம்மினும் மிகுதியாகக் கூலி தரும் கேரளம் இருக்க, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவர்கள் சென்னையை அடுத்த சிறுசேரியிலும் கேளம்பாக்கத்திலும் மறைமலைநகரிலும் வந்து தங்குவானேன்?

முன்னே வந்தவனின் சொல்லே பின்னே வருபவனை இழுக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஹௌரா ரயிலில் வந்திறங்கிய ஒருவன், மேஸ்திரியின் நம்பிக்கையைப் பெற்று, மறு ஆண்டு தம்பியையும் மைத்துனனையும் அழைத்துக்கொள்ள, அவர்கள் வாயிலாகப் பாதிக் கிராமமே ஒரு லைன் வீட்டுக்கு வந்து சேர்கிறது. நம் பிள்ளைகளோ படித்து வேறு உத்தியோகம் நாடிவிட்டமையால், சாரம் ஏற ஆள் தேடும் முதலாளிகள் இப்படி வந்தவர்களை விரும்பி ஏற்கின்றனர்.

இவ்வாறு பிழைப்புத் தேடி ஊர் பெயர்வது தமிழருக்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர்க் காடுகளுக்கும் ஆள் சேர்க்கும் கங்காணி திரட்டிச் சென்றது பெரும்பாலும் தன் கிராமத்து ஜனங்களையே. 1860-இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ‘ட்ரூரோ’ கப்பல் சென்றது. அதைத் தொடர்ந்து கடல் கடந்த தமிழரின் சந்ததியார் இன்றும் டர்பனில் வாழ்கின்றனர்.

ஆயினும், வந்து சேர்வது வேறு, குடியாவது வேறு. மாமல்லபுரத்தில் 1957-இல் அரசாங்கம் சிற்பப் பயிற்சிக் கூடம் தொடங்கிய பின், வெளியூர்களிலிருந்து கற்க வந்தவர்களுள் பலர், உளிக்கு வேலையும் வித்தைக்கு மதிப்பும் அங்கேயே கிடைத்தமையால், பட்டறை வைத்து, வீடு கட்டி, அவ்வூராராகவே ஆகிவிட்டனர். திருவள்ளூர்ப் பகுதிச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து வரும் குடும்பங்களோ, சொந்த ஊரிலேயே சர்தார் என்னும் தரகரிடம் வாங்கிய முன்பணத்துக்குக் கட்டுண்டு, கோடை முழுதும் கல்லறுத்து, மழைக்கு முன் திரும்பிவிடுகின்றன. எத்தனை வருஷம் வந்தாலும் அவர்கள் இவ்வூருக்கு அந்நியரே.

ஆகவே, உறவு மனிதனை அழைத்து வரும். வேலை அவனை நிறுத்தி வைக்கும். அவனைக் குடியாக்குவது ஊர் தரும் மதிப்பும் உரிமையுமே.

வெளிமாநிலத் தொழிலாளரைப் பாதுகாக்க 1979-இலேயே சட்டம் பிறந்தது. அவர்களுடைய ரேஷன் அட்டைக்கு நம் நியாயவிலைக் கடையில் தானியம் பெற 2020 அக்டோபர் முதல் வழியும் உண்டு. சட்டம் ஏட்டில் இருந்து பயனில்லை. உங்கள் தெருவில் தங்கியிருப்பவருக்கு அந்த வழியைச் சொல்லுங்கள். அவர் குழந்தையைக் கைப்பிடித்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். ‘வடக்கன்’ என்று ஏளனம் செய்யாமல் பெயர் கேட்டு, அந்தப் பெயரால் அழையுங்கள்.