மெக்ரிட்சி ஏரியைச் சுற்றிக் குடும்பத்தோடு ஒரு நடை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இத்தனை வருஷமா சிங்கப்பூர்ல இருக்கீங்க, அங்க பார்த்த ஏதாவது ஒண்ணைப் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் போனில் சொன்னார். சிங்கப்பூர் என்றால் நம் ஆட்களுக்கு முஸ்தபா கடை, விமான நிலையம், சிங்கத்தலைச் சிலை. நான் பேசப்போவது அந்த ஊரின் நடுவில் இருக்கும் ஒரு ஏரியையும் அதைச் சுற்றி நிற்கும் காட்டையும் பற்றி. கூடவே என் அப்பாவைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அவரை விட்டுவிட்டு அந்த ஏரியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது.

அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கள் ஊர்க் கண்மாயில் மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பை இருபது வருஷத்துக்கு மேல் ஊருக்காகப் பார்த்தவர். 2006-இல் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டு போனேன். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. பதினோராவது மாடியில் எங்கள் வீடு. நான் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வருவேன். மனைவிக்கும் வேலை. அவர் ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கீழே கார்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்னப்பா செஞ்சீங்க இன்னிக்கு?" என்று கேட்டால், "பார்த்துக்கிட்டிருந்தேன்" என்பார். மூன்று வாரத்தில் அந்தப் பேச்சும் குறைந்துபோனது.

சரி, வெளியே அழைத்துப் போவோம் என்று மெக்ரிட்சிக்குக் கிளம்பினோம். அங்கே காட்டுக்குள் 2004-இல் ஒரு தொங்கு பாலம் திறந்திருந்தார்கள். இரண்டு குன்றுகளுக்கு நடுவே 250 மீட்டர் நீளம். உயரமான இடத்தில் தரையிலிருந்து 25 மீட்டர். மரத்து உச்சிகளுக்குச் சமமாக நடந்து போகலாம். அதைப் பார்த்துவிட்டு ஏரியை முழுச் சுற்றுச் சுற்றி வந்தால் பத்துப் பதினோரு கிலோமீட்டர். இயற்பியல் படித்தவனல்லவா, மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு, மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று வீட்டில் அறிவித்தேன். ஏழு வயது மகளையும் அறுபத்தெட்டு வயது அப்பாவையும் அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

கிளம்பும்போது மணி பதினொன்று. பிளாஸ்டிக் பையில் புளியோதரை. அப்பா காலில் வீட்டுக்குப் போடும் ரப்பர் செருப்பு. இதற்கு மேல் தப்புச் செய்ய முடியாது என்று நினைக்காதீர்கள், செய்தேன். அந்த ஊர் வெயிலைவிடப் புழுக்கம் மோசம். மர நிழலில் நடந்தாலும் சட்டை பிழிகிற மாதிரி நனைந்துவிடும். இரண்டாவது கிலோமீட்டரிலேயே குரங்கு வந்துவிட்டது. நீண்ட வால் குரங்குகள் அங்கே கூட்டங்கூட்டமாக உண்டு. பிளாஸ்டிக் பை என்றால் உள்ளே சாப்பாடு என்று அவற்றுக்கு அத்துப்படி. ஒன்று நேராக வந்து என் மனைவி கையிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்து எங்கள் புளியோதரையை நிதானமாகச் சாப்பிட்டது. மகள் அழுதாள். அப்பா மட்டும் சிரித்தார். அந்த ஊருக்கு வந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பாலம் ஒருவழி. ஏறிவிட்டால் திரும்பி வர முடியாது. நடுப்பாலத்தில் மகள் கீழே பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் அதட்டினேன். அப்பா என்னை விலக்கிவிட்டு அவள் கையைப் பிடித்தார். "கீழ பார்க்காத தாயீ, எதிர்க்க நிக்கிற மரத்தை எண்ணிக்கிட்டே வா. தாத்தா தென்னை மரத்துல ஏறுறப்ப அப்படித்தான்" என்றார். இருவரும் எண்ணிக்கொண்டே அக்கரை போய்ச் சேர்ந்தார்கள்.

பாலம் தாண்டியதும் ஏறி இறங்கும் படிகள். அங்கே அப்பாவின் செருப்பு வார் அறுந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். நான் மட்டும், சீக்கிரம் முடித்தால் போதும் என்று முன்னால் போய் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டே வந்ததும் சொன்னார்: "உன் கூட நடக்கலாம்னுதானேப்பா வந்தேன். நீ முன்னால போய்க்கிட்டே இருக்கியே."

அன்று முழுச் சுற்று முடிக்கவில்லை. குறுக்கே ஒரு பாதையைப் பிடித்துச் சாலைக்கு வந்து டாக்சி ஏறி வீடு வந்தோம். இனி யாரும் அந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்று நினைத்தேன். மறுவாரம் அப்பாதான் கேட்டார். "அந்தக் கண்மாய்க்குப் போவமா?"

இந்தத் தடவை அவர் சொன்னபடி நடந்தோம். விடியற்காலை ஏழு மணிக்கு ஏரிக்கரை. அந்த ஊரில் ஏழு மணிக்குத்தான் விடியும். தண்ணீர் ஓரமாகவே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றரை கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்புவது என்று ஏற்பாடு. மூன்று கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. உடும்பு ஒன்று நீந்தி வந்து கரையேறுகிற வரைக்கும் தாத்தாவும் பேத்தியும் நின்றார்கள். வால் நுனியில் இரண்டு துடுப்பு வைத்த மாதிரி ஒரு கரிச்சான். ஆமைகள் எத்தனை என்பதில் இருவருக்கும் கணக்கு வேறுபட்டது.

அப்பாவுக்கு ஒரு சந்தேகம். "இதுக்கு வரத்துக் கால் எங்கப்பா? ஆயக்கட்டு எவ்வளவு?" என்றார். வயல் ஒரு சென்ட்கூட இல்லை, இது குடிதண்ணீருக்கு மட்டும் என்றேன். "அப்ப தண்ணி எங்கிருந்து வருது?" சுற்றியுள்ள காட்டில் பெய்யும் மழைதான் ஓடைகளாக வந்து சேருகிறது என்றேன். அங்கே ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதான் காட்டை வெட்டாம விட்டிருக்கான்" என்றார்.

நான் அதுவரை புத்தகத்தில் தேடாத விஷயம் அது. பிறகு தேடினேன். அவர் சொன்னது சரி. சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம் இதுதான். 1868-இல் கட்டி முடித்தார்கள். மெக்ரிட்சி என்பவர் பின்னால் வந்த நகராட்சிப் பொறியாளர். 1922-இல்தான் அவர் பெயரை வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தத் தீவின் காட்டையெல்லாம் மிளகுக்கும், தோல் பதனிட உதவும் காம்பியர் என்ற செடிக்குமாக வெட்டித் தீர்த்தார்கள். காம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேறு வேண்டும். சில வருஷத்தில் மண் சத்துப் போய்விடும். விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். ஏரிக்கு நீர் தரும் பகுதி என்று ஒதுக்கிய இடத்தில்தான் பழைய காடு கொஞ்சமாவது தப்பியது. வெட்டிய இடங்களிலும் மறுபடி வளர்ந்தது. இன்றைக்கு மெக்ரிட்சியோடு சேர்த்து நான்கு நீர்த்தேக்கங்களைச் சுற்றி 2000 ஹெக்டேருக்கு மேல் இயற்கை வனப்பகுதி. அவ்வளவு நெருக்கமான ஒரு நகரத்தின் நடுவில்!

சுலபமாக நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டி கோல்ப் மைதானம் போட 1990-களின் தொடக்கத்தில் ஒரு திட்டம் வந்தது. இயற்கைச் சங்கத்தார் அங்கே என்னென்ன செடி, உயிரினம் உண்டு என்று எண்ணி எடுத்து அறிக்கை கொடுத்தார்கள், மக்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள், திட்டம் நின்றது. பிறகு 2013-இல் அறிவித்த ஒரு ரயில் பாதை இந்தக் காட்டுக்கு அடியில் போவதாக வந்தது. சுற்றிக்கொண்டு போங்கள் என்றார்கள் இயற்கை ஆர்வலர்கள். வருஷக்கணக்காகப் பேசி, கடைசியில் 2019-இல் அரசு நேர்வழியைத்தான் எடுத்தது. ஆனால் சுரங்கம் எழுபது மீட்டர் ஆழத்தில். இதில் யாருக்கு வெற்றி என்று சொல்ல நான் ஆளில்லை. அந்தப் பாதையில் பிள்ளைகளோடு நடந்தவர்கள் நிறையப் பேர் இருந்ததால்தான் அவ்வளவு நாள் பேச்சு நடந்தது என்பது என் எண்ணம்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. பிளாஸ்டிக் பை வேண்டாம், முதுகுப் பைக்குள் எல்லாம் இருக்கட்டும். குரங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவையே ஐயாயிரம் வெள்ளி வரை அபராதம் போட 2020-இலிருந்து சட்டம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு முழுச் சுற்று வேண்டாம். பாலத்துக்குப் போவதாயிருந்தால் திறக்கும் நாளும் நேரமும் கேட்டுக்கொண்டு போங்கள். குழுவில் மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடுங்கள். இது ஒன்றுக்குத்தான் நான் விலை கொடுத்தேன்.

அப்பா மூன்று மாதம் இருந்தார். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பதில் அங்கே போனோம். அதற்குப் பிறகு அவரால் வர முடியவில்லை, 2011-இல் காலமானார். மகள் இப்போது தன் சிநேகிதிகளோடு முழுச் சுற்றும் போகிறாள். நடுப்பாலத்தில் இன்னும் மரத்தை எண்ணுகிறாளாம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். விடுதிக்குப் பின்னால் உள்ள கண்மாயை நம்மில் எத்தனை பேர் சுற்றி நடந்திருக்கிறோம்? மூன்று வருஷம் அதன் கரையில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தவர்களை எனக்குத் தெரியும். (பெயர் சொல்ல மாட்டேன், மேடையிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.) அக்கரைக்கு நான் போனதே இல்லை. நேற்று மாலை நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அழைத்துப் போனார்கள். கரையில் பாதி தூரம் சீமைக் கருவேலை வெட்டி வழி போட்டிருக்கிறார்கள். மடைப் பக்கம் பழைய மருத மரங்கள் நான்கு நிற்கின்றன. முக்குளிப்பான் இருக்கிறது. கலுங்கு உடைந்து கிடக்கிறது. அப்பா பார்த்தால் திட்டியிருப்பார்.

நாளைக் காலை ஆறு மணிக்கு விடுதி வாசலில் நிற்கிறேன். வெட்டிய வழி வரைக்கும் போய்த் திரும்புவோம், ஒன்றரை மணி நேரம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள். முள் கிடக்கிறது, ரப்பர் செருப்பு வேண்டாம். டிபன் எட்டு மணிக்கு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் என்று செயலாளர் சொல்லச் சொன்னார்.