பள்ளியில் படித்தது கல்லூரியில் வரவாகுமா?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சில மாதங்களாக நம் காலனியில் ஒரு பேச்சு உலவி வருகிறது. பிளஸ் டூ படிக்கும்போதே சில பாடங்களைத் தனியே முடித்துக்கொண்டால், பட்டப்படிப்பில் ஓராண்டு மிச்சமாகும் என்பது அப்பேச்சு. அதற்கென்று பணம் கட்டச் சொல்லி ஒருவர் வீடு வீடாக வந்து போனதையும் நீங்கள் அறிவீர்கள். கட்டிவிட்டவர்கள் சிலர், கட்டலாமா என்று எங்களைக் கேட்டவர்கள் பலர். அவர்களுக்கு விடை கூறவே இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

அந்த எண்ணம் முழுப் பொய்யன்று. கல்லூரிக்காரர் ‘கிரெடிட்’ என்று சொல்வதை நாம் ‘வரவு’ என்று சொல்லலாம். இன்ன பாடத்தை இத்தனை மணி நேரம் படித்து இவர் தேறினார் என்று கணக்கில் ஏற்றுவதே வரவு. அமெரிக்காவில், உயர்நிலைப் பள்ளி மாணவர் கல்லூரித் தரத்துப் பாடத்தைப் பள்ளியிலேயே பயின்று, பொதுத்தேர்வு எழுதி, அதனைக் கல்லூரி வரவாக மாற்றும் முறை 1950களிலேயே தோன்றிவிட்டது. ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ என்பது அதன் பெயர். 1956-இல் நடந்த முதல் தேர்வை எழுதியவர்கள் 1,200 சொச்சம் மாணவரே. இன்று ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் எழுதுகிறார்கள். மதிப்பு 1 முதல் 5 வரை. 3 பெற்றால் வரவு வைக்கும் கல்லூரிகளும் உண்டு. 5 பெற்றாலும் வைக்காத கல்லூரிகளும் உண்டு. ஆக, தேர்வு எழுதுவது மாணவன் கையில். வரவு வைப்பது கல்லூரியின் கையில். அத்தேர்வுகளில் சீனம், ஜப்பானியம், இலத்தீன் எல்லாம் இடம்பெற்றுள்ளன, தமிழ் இல்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறோம்.

நம் கேரளத்திலோ கதை தலைகீழாக நடந்தது. இங்குள்ள பெரியவர்கள் பலர் ‘பிரீடிகிரி’ படித்தவர்கள். பத்தாம் வகுப்புத் தேறியதும், மீசை அரும்பாத வயதில், கல்லூரி வாசலை மிதித்தவர்கள். சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 1947 முதல் அங்கேயே அரசுக் கல்லூரி இருந்தது. மூணாற்று, தேவிகுளத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கோ மலையிறங்கிக் கோதமங்கலமோ, எல்லை கடந்து போடியோ உடுமலையோ போனால்தான் கல்லூரி. விடுதிக்குப் பணமில்லாமல் பத்தோடு நின்றவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தவர் எவருமில்லை. 1990-91-இல் அரசுப் பள்ளிகள் சிலவற்றில் பிளஸ் டூ தொடங்கிற்று. அந்தப் பத்தாண்டுகள் முடியும்போது பிரீடிகிரி கல்லூரிகளினின்றும் முற்றும் பிரிக்கப்பட்டது. அவ்விரண்டாண்டுப் படிப்பு மலைமேலிருக்கும் பள்ளிக்கும் வந்து சேர்ந்தது. அதனை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். கல்லூரியிலிருந்து பள்ளிக்கு வந்த அதே ஆண்டுகளிலிருந்து கல்லூரிக்கு ஏதேனும் எடுத்துச் செல்ல முடியுமா என்று இன்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

இதற்கு நாட்டில் இன்றுள்ள விதி யாது? 2023-இல் வெளியான தேசிய வரவுக் கட்டமைப்பு, பள்ளிப் படிப்பையும் கல்லூரிப் படிப்பையும் ஒரே ஏணியில் வைத்தது. 30 மணி நேரக் கற்றல் ஒரு வரவு; ஆண்டுக்கு 1,200 மணி, 40 வரவு. இதைக் கேட்டதும், பிளஸ் டூவில் ஈட்டிய வரவு பட்டத்தில் கழியும் என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் நம்மவர் ஏமாறுகிறார்கள். அந்த ஏணியில் பன்னிரண்டாம் வகுப்பு நான்காம் படி. கல்லூரி முதலாண்டு நாலரை. கீழ்ப்படியில் ஈட்டியது அப்படியை ஏறியதற்குச் சான்றாகுமேயன்றி மேற்படிக்கு விலையாகாது. 2021-இல் ஏற்பட்ட கல்வி வரவு வங்கியும் ஈட்டிய வரவைச் சேமித்து வைக்கும் இடமே. அதனை ஏற்றுக்கொள்வது அந்தந்தப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தது. ‘ஸ்வயம்’ தளத்துப் பாடங்களைக் காசில்லாமல் எவரும் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை அவ்வழியில் முடிக்க இடமுண்டு. அதுவும் கல்லூரியில் சேர்ந்த பிறகு, கல்லூரியின் ஒப்புதலோடு.

ஆகையால், பள்ளியில் இருக்கும் பிள்ளைக்குக் கல்லூரி வரவு வாங்கித் தருவதாகச் சொல்லி இடையில் நிற்பவருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம். பத்து வரை தமிழ்வழியில் படித்துவிட்டுப் பிளஸ் ஒன்னில் திடீரென்று ஆங்கிலத்தில் இயற்பியலோடு மல்லுக்கட்டும் பிள்ளையின் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றவும் வேண்டாம். அந்தப் பாடத்தையே தமிழில் ஒருமுறை கேட்டுத் தெளிய வேண்டுமென்றால் வழி இருக்கிறது. நிப்டெல் பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு.

நிற்க. பள்ளியிலேயே செய்து முடிக்க வேண்டியது ஒன்று உண்டு. பார்ப்பதற்குச் சிறிய காரியம். மாணவருக்கு இப்போது ‘அபார்’ என்னும் 12 இலக்க எண் தருகிறார்கள். வரவெல்லாம் பின்னாளில் ஏறப்போவது அந்த எண்ணில்தான். பள்ளிப் பதிவிலுள்ள பெயரும் ஆதாரிலுள்ள பெயரும் ஒத்திருந்தால்தான் அது கிடைக்கும். நாம் தலைப்பெழுத்தை முன்னால் எழுதுவோம். இங்குள்ள பதிவேட்டில் பின்னால் எழுதுவார்கள். ஆதாரில் தந்தையின் முழுப்பெயரே சேர்ந்து வந்திருக்கும். எம். முருகன், முருகன் எம்., முருகன் மாடசாமி என்று ஒரே பையன் மூன்று ஆளாகி நிற்பான். வேறுபாடு இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே திருத்திவிடுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் பிழை ஏறிவிட்டால் அலைச்சல் அதிகம்.

பள்ளியில் படித்ததில் கல்லூரிக்கு நேராக உதவுவது எதுவுமே இல்லையா என்றால், உண்டு. தமிழ்தான்! 2024 முதல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டம் நடைமுறையில் இருக்கிறது. மூன்றாண்டில் முடிப்போருக்கு 133 வரவு. நான்காண்டு ஆனர்ஸுக்கு 177. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில், முதலாண்டின் இரு பருவங்களிலும் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழிக்குப் பருவத்துக்கு 3 வீதம் 6 வரவு வைத்துள்ளார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ் படித்த பிள்ளைக்கு அந்த ஆறும் கைக்கெட்டிய கனி. ஆயினும் நம் பிள்ளைகள், தமிழ் எடுத்தால் ஏளனம் செய்வார்களோ என்று அஞ்சி, புதிதாக வேறொரு மொழியைத் தொடங்கித் திணறுகிறார்கள். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையே இருக்கிறது. மற்றக் கல்லூரிகளில், சேர்க்கையன்றே தமிழ் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு பிள்ளை கேட்டால் இல்லை என்பார்கள். பதினைந்து பிள்ளைகள் எழுத்தில் கேட்டால் முதல்வர் யோசிப்பார்.

அந்த விண்ணப்பத்தைச் சங்கத்தின் பெயரால் எழுதித் தர நாங்கள் சித்தமாக இருக்கிறோம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளின் பெயரையும் சேர விரும்பும் கல்லூரியையும், இவ்விழா முடிந்து கலையும் முன், வாயிலில் அமர்ந்திருக்கும் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள். ஆதார் அட்டையிலுள்ளபடி பெயரை எழுதுங்கள்.