ஓர் ஆற்றுத் தும்பியின் மறைவு



நீரை வடிகட்டிப் பருகுதல் சமணர் இல்லங்களின் பழைய அடையாளம். அவ்வழக்கத்தில் பலரும் மறந்துவரும் மறுபாதி ஒன்று உண்டு. வடிதுணியில் தங்கிய சிற்றுயிர்களைக் கண்ட இடத்தில் உதறிவிடலாகாது. எந்தக் கிணற்றிலிருந்து, எந்த ஆற்றிலிருந்து நீர் முகக்கப்பட்டதோ, அங்கேயே அத்துணியை அலசி அவற்றைத் திரும்ப விடுதல் வேண்டும். வேற்று நீரில் அவை பிழையா என்று முன்னோர் கருதினர். ஓர் உயிரைக் காப்பதற்கு அதன் இருப்பிடத்தையும் காக்க வேண்டும் என்னும் இத்தெளிவு இல்லாமையால், ஒரு நாட்டிலிருந்தே மறைந்துபோன சிற்றுயிரின் வரலாறு இது.

இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ளது டார்செட் மாவட்டம். அங்கே 1820ஆம் ஆண்டில், ஜேம்ஸ் சார்லஸ் டேல் என்னும் பூச்சியியல் ஆர்வலர் அதுவரை அறியப்படாத தும்பி ஒன்றைக் கண்டார். பளபளக்கும் கரும்பச்சை உடல். முதுகின் நடுவே வரிசையாக மஞ்சட்புள்ளிகள். 1834இல் ஜான் கர்ட்டிஸ் என்னும் அறிஞரின் பெயரை அதற்குச் சூட்டினார். மூர்ஸ் என்னும் சிற்றாறே அந்நாட்டில் அதன் முதன்மையான உறைவிடமாக இருந்தது.

தும்பி என்றவுடன் சிறகடித்துப் பறக்கும் உருவமே நினைவுக்கு வரும். ஆயினும் அது பறப்பது சில வாரங்களே. அதற்கு முன் இரண்டு மூன்று ஆண்டுகள் அது நீருக்கடியில் இளவுயிராக வாழ்கிறது. கரையோரத்து ஆல்டர் மரங்களின் வேர்கள் நீருக்குள் மயிர்க்கற்றைபோல் இறங்கியிருக்கும். அவ்வேர்களுக்கிடையிலும், அடியில் படிந்த இலைமக்கிலும் அது பதுங்கியிருக்கும். நீரிலுள்ள உயிர்வளியையே உட்கொண்டு வாழ்வதால், நீர் கெட்டால் தப்பிச் செல்ல அதற்கு வழியில்லை. சிறகுதான் இன்னும் முளைக்கவில்லையே!

தும்பியே பிற பூச்சிகளைப் பிடித்துண்ணும் வேட்டையுயிராயிற்றே, அதனைக் காப்பது எவ்வாறு அறமாகும் என வினவுவோரும் உளர். அதன் வினைப்பயன் அதனைச் சாரும். அதன் ஆற்றைக் கெடுத்த வினை யாரைச் சாரும் என்பதே இங்கு எழும் வினா.

மூர்ஸ் ஆற்றில் அத்தும்பியை எவரும் திட்டமிட்டுக் கொன்று ஒழிக்கவில்லை. கழிவுநீர் நிலையத்திலிருந்து வெளியேறிய கழிவு ஆற்றில் கலந்ததே அதன் அழிவுக்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. 1963க்குப் பின் பிரிட்டனில் அத்தும்பி காணப்படவில்லை. பாலாற்றங்கரையின் தோல் தொழிற்சாலைக் கழிவை அறிந்தவர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது.

இல்லறத்தார்க்கு ஹிம்சை நால்வகை என்பர் ஆன்றோர். கருதிச் செய்யும் கொலை முதலாவது; அதனைச் சிராவகன் முற்றிலும் விலக்க வேண்டும். மற்றவை இல்லப் பணியாலும், தொழிலாலும், தற்காப்பாலும் நேர்வன. இவை தவிர்க்க இயலாதவை என்று சொல்லி அமைதியடைவது எளிது. சமந்தபத்திராசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமோ அவ்வாறு விட்டுவிடவில்லை. பயனின்றி நிலத்தை அகழ்தலையும், நீரை வீணாக்குதலையும், செடிகொடிகளை வெட்டுதலையும் குற்றமென வகுத்து, அவற்றை விலக்குதலை விரதமாகவே வைத்தது. கழிவை ஆற்றில் விடும் தொழிற்கூடமும், சாக்கடையை ஏரிக்குத் திருப்பும் தெருவும் எந்த வகையில் அடங்கும் என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம்.

பிரான்சு, ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் ஆறுகளில் அத்தும்பி இன்னும் வாழ்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிடச் சட்டம் தும்பிக்கு மட்டுமன்றி, அது வாழும் ஆற்றுப்பகுதிகளுக்கும் காப்பளிக்கிறது. கரையைத் துப்புரவாக்குகிறோம் என்று மரங்களை வேரோடு பறித்துவிட்டால், நீர் தூயதாயினும் இளவுயிருக்கு ஒதுங்க இடமிராது.

டேல் காலத்து ஆர்வலர்கள் தும்பியைப் பிடித்து ஊசியில் குத்திப் பேழையில் வைத்தே அதன் இருப்பை நிறுவினர். இன்றைய ஆய்வாளர் படகில் மெல்லச் சென்று, கரைமர வேர்களிலும் அடித்தண்டுகளிலும் ஒட்டியிருக்கும் வெறுங்கூடுகளைத் தேடுகின்றனர். நீரைவிட்டு ஏறிய இளவுயிர் தோலுரித்துச் சிறகு பெற்றுப் பறந்தபின் விட்டுச்சென்ற கூடுகள் அவை. அவற்றை எண்ணினாலே அந்த ஆற்றில் எத்தனை உயிர்கள் வளர்ந்து வெளியேறின என்பதை ஒருவாறு அறியலாம். உயிருள்ள ஒன்றையும் தொட வேண்டுவதில்லை.