சிறுநீரில் ரத்தமா? சூடு என்று சொல்லிச் சும்மா இருக்காதீர்கள்!



குடும்ப நலம் என்றதும் பலரும் அளவான குடும்பத்தை மட்டுமே நினைக்கிறார்கள். அது முக்கியம்தான். ஆனால் சம்பாதிக்கிற புருஷன் திடீரென்று படுத்துவிட்டால், அல்லது வீட்டைக் கட்டிக் காக்கிற மனைவி போய்விட்டால், அந்தக் குடும்பத்துக்கு ஏது நலம்? ஆகவே இன்று, வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நாம் மறைக்கிற ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அது சிறுநீரில் ரத்தம் போவது.

சூடு அல்ல, எச்சரிக்கை

நம் ஓசூர் பக்கம் சிப்காட் வேலைக்குப் போகிறவர்கள் அநேகர். பாகலூரிலிருந்தும் சூளகிரியிலிருந்தும் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். நைட் ஷிப்ட், மெஷின் சூடு, நேரத்துக்குத் தண்ணீர் குடிக்காத பழக்கம். ஒருநாள் ஒண்ணுக்குப் போகும்போது சிவப்பாகப் போகிறது. உடனே என்ன சொல்கிறோம்? "உடம்பு சூடு பிடிச்சிருக்கு, ரெண்டு இளநீர் குடி, வெந்தயத்தை மோரில் போட்டுக் குடி." குடிக்கிறார். இரண்டு நாளில் சிறுநீர் தெளிந்துவிடுகிறது. "பார்த்தியா, சூடுதான்!" என்று சந்தோஷப்படுகிறோம்.

இங்கேதான் ஏமாந்து போகிறோம். சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தால் அதன் முதல் அடையாளம் பெரும்பாலும் இந்த ரத்தம்தான். வலி இருக்காது. ஒருநாள் வரும், தானாக நிற்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து மறுபடி வரும். இளநீர் குடித்ததால் நின்றது என்று நாம் நினைக்கிறோம். குடிக்காவிட்டாலும் அது நின்றிருக்கும்!

"வலியே இல்லையே, எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று கேட்கிறார்கள். வலி இல்லை என்பதாலேதான் போக வேண்டும். கல் இருந்தாலும், கிருமித் தொற்று இருந்தாலும் ரத்தம் வரும். அவற்றில் பெரும்பாலும் வலியோ எரிச்சலோ கூட இருக்கும். ஆகவே ரத்தம் கண்டவுடன் புற்றுநோய் என்று நடுங்க வேண்டாம். எது என்று தெரிந்துகொள்ளாமல் விடவும் வேண்டாம்.

யாருக்கு அதிகம் வருகிறது?

முதல் காரணம் பீடி, சிகரெட். புகை பிடிக்காதவரைவிடப் பிடிப்பவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. "புகை போவது நெஞ்சுக்குத்தானே, மூத்திரப் பைக்கு எப்படி?" என்று கேட்கலாம். புகையிலுள்ள நஞ்சு நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீரில் விடுகிறது. அந்த நஞ்சு நீர் மணிக்கணக்கில் பையில் தங்கி, அதன் உட்சுவரை அரிக்கிறது.

இரண்டாவது காரணம் சில தொழில் ரசாயனங்கள். 1895ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் லுட்விக் ரென் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிலாளர்களுக்கு இந்த நோய் வருவதை எடுத்துச் சொன்னார். சாயம், ரப்பர், பெயின்ட் சம்பந்தமான வேலை செய்பவர்கள் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கக் கூடாது. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பெண்களுக்கும் இந்த நோய் வரும். மாதவிலக்கு நின்றுபோன தாய்மார்கள் ரத்தக் கறை கண்டால், அது எந்த வழியாக வந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

குழந்தைக்குப் போடும் ஊசி, பெரியவருக்கு மருந்து

குழந்தை பிறந்ததும் இடது புஜத்தில் பி.சி.ஜி. ஊசி போடுகிறோமே, தழும்புகூட நிற்குமே, அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். குழந்தையைக் கடுமையான காசநோயிலிருந்து, முக்கியமாக மூளைக் காசநோயிலிருந்து, அது காக்கிறது. பிரான்சில் கால்மெட், கெரான் என்ற இருவர் பதின்மூன்று ஆண்டுகள் பாடுபட்டு, மாட்டுக் காசநோய்க் கிருமியை வீரியம் குறைத்து இதை உண்டாக்கினார்கள். 1921இல் முதன்முதலாக மனிதக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டில் இதைத் தயாரிப்பதற்கென்றே 1948இல் சென்னை கிண்டியில் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது.

இதே பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால் புற்றுநோய் திரும்ப வருவது குறைகிறது என்று 1976இல் கனடா நாட்டு மருத்துவர் ஆல்வாரோ மொராலெஸ் எழுதினார். அவர் பார்த்தது ஒன்பது நோயாளிகளைத்தான். பிறகு பல நாடுகளில் சோதித்து உறுதி செய்தார்கள். இன்று உலகமெங்கும் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

காசநோய்த் தடுப்பு மருந்துக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

தளி, அஞ்செட்டிப் பக்கத்து மக்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். இரவில் ராகிக் கொல்லைக்கு யானை வருகிறது. காவல்காரர் பரண்மேல் தூங்கிவிட்டார். யானை சத்தமில்லாமல் மேய்கிறது. யாரோ ஒருவர் கூச்சல் போட்டால் ஊரே எழுந்து பந்தத்தோடும் தப்பட்டையோடும் ஓடி வருகிறது.

நம் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள்தாம் அந்தக் காவல்காரர்கள். புற்றுநோய்ச் செல் நம் உடம்பிலேயே பிறந்தது. அதனால் காவல்காரர் அதை வேற்றாளாகப் பார்ப்பதில்லை. பி.சி.ஜி. கிருமி உள்ளே போனதும் அது கூச்சல் போட்டது போல் ஆகிறது. வெள்ளணுக்கள் கூட்டமாக ஓடி வருகின்றன. வந்த இடத்தில் புற்றுநோய்ச் செல்களையும் தாக்குகின்றன.

எந்த ஆயுதத்தால் தாக்குகின்றன? ஆயுதங்கள் பல. அவற்றில் ஒன்று ஒரு வாயு. அதன் பெயர் நைட்ரிக் ஆக்சைடு. மின்னல் வெட்டும்போது காற்றிலும், வண்டிப் புகையிலும் உண்டாகிற அதே வாயுவை நம் வெள்ளணுக்கள் துளித்துளியாகச் செய்கின்றன! 1987இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஜான் ஹிப்ஸும் அவருடைய துணைவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். எலியின் விழுங்கு செல்களையும் புற்றுநோய்ச் செல்களையும் ஒரே தட்டில் வைத்தார்கள். ஆர்ஜினைன் என்ற புரதச்சத்து இருந்தபோது விழுங்கு செல்கள் புற்றுநோய்ச் செல்களை முடக்கின. அந்தச் சத்தை எடுத்துவிட்டால் முடக்க முடியவில்லை. ஆர்ஜினைனிலிருந்துதான் அவை நைட்ரிக் ஆக்சைடைச் செய்கின்றன என்று அடுத்த ஆண்டே தெளிவாயிற்று. இந்த வாயு, புற்றுநோய்ச் செல்லுக்குச் சக்தி தருகிற புரதங்களிலுள்ள இரும்பைப் பற்றிக்கொள்கிறது. அச்சாணி கழன்ற வண்டி போல அந்தச் செல் நின்றுவிடுகிறது.

1998இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், பி.சி.ஜி. பெற்ற நோயாளிகளின் சிறுநீர்ப்பையில் நைட்ரிக் ஆக்சைடு பல மடங்கு கூடியிருப்பதை அளந்து காட்டினார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிறோமே ஒரு மாத்திரை, அதுவும் இந்த வாயுவை வெளிவிட்டுத்தான் ரத்தக் குழாயை விரிக்கிறது. இந்த வாயு ரத்தக் குழாயில் செய்கிற வேலையைக் கண்டறிந்த மூவருக்கு அதே 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

"அப்படியானால் அந்தச் சத்தை டப்பாவில் வாங்கிச் சாப்பிடலாமா?"

வேண்டாம். இந்த வாயுவுக்கு இரண்டு முகம் உண்டு. வேண்டிய இடத்தில் நிறையச் சுரந்தால் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும். கொஞ்சமாக நாள்பட இருந்தால் கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வளர உதவி, அதை வளர்த்தும் விடும். ஆகவே ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. நிலக்கடலையிலும் பருப்பிலும் ஆர்ஜினைன் உண்டு. உடம்புக்கு நல்லது, சாப்பிடுங்கள். ஆனால் கடலை தின்று கட்டி கரையாது. பவுடர் விற்பவர் பேச்சையும் நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் கேளுங்கள். குழந்தைப் பருவத்தில் போட்ட பி.சி.ஜி. ஊசி, பெரியவரானபின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைத் தடுக்காது. அது வேறு, இது வேறு.

சிகிச்சை எப்படி?

சிறுநீர்ச் சோதனை, வயிற்று ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு மெல்லிய குழாய்க் கருவி விட்டுப் பையின் உள்ளே பார்ப்பார்கள். கட்டி இருந்தால், வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியாகச் சுரண்டி எடுப்பார்கள். நோய் உட்சுவரோடு நின்றிருந்து, திரும்ப வரும் அபாயம் இருந்தால், புண் ஆறியபின் பி.சி.ஜி. கொடுப்பார்கள். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். மருந்தை உள்ளே விட்டு இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். பிறகும் மருத்துவர் சொன்ன தேதியில் வந்து காட்ட வேண்டும். நோய் தசைக்குள் இறங்கிவிட்டாலோ இந்தச் சிகிச்சை போதாது. பையையே எடுக்க நேரிடலாம். ஆறு மாதம் இளநீர் குடித்துக் காத்திருந்தவர் இழப்பது இந்த வாய்ப்பைத்தான்.

சிகிச்சைக் காலத்தில் தம்பதிகள் கவனிக்க வேண்டியவை:

மருந்து கொடுத்த அன்று ஆறு மணி நேரம் வரை கழிப்பறையில் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். வெளியில், வரப்போரத்தில் கூடாது. ஒவ்வொரு முறையும் ப்ளீச்சிங் கரைசல் ஊற்றி, கால் மணி கழித்துத் தண்ணீர் விட வேண்டும்.

மருந்து கொடுத்து இரண்டு நாள் தாம்பத்திய உறவு வேண்டாம். சிகிச்சை முடிந்து ஒரு வாரம் ஆகும் வரை உறவின்போது ஆணுறை கட்டாயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கொஞ்சம் எரிச்சலும் லேசான காய்ச்சலும் வரலாம். குளிர்காய்ச்சல் கண்டாலோ, இரண்டு நாளில் எரிச்சல் தணியாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எங்கே போவது?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லலாம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டு வாசலுக்கு வருகிற அந்தச் சகோதரியிடம் பிரஷர், சுகர் பார்க்கும்போதே இதையும் சொல்லுங்கள். அங்கிருந்து ஓசூர் அரசு மருத்துவமனைக்கோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். மேல்சிகிச்சைக்கு அடையாறு புற்றுநோய் நிலையமும், எல்லை தாண்டினால் பெங்களூரில் கித்வாய் நிலையமும் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். எந்தச் செலவுக்கு அது உதவும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே! உங்கள் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும். சகோதரர்களே! மனைவியிடம் மறைக்காதீர்கள், பீடிக்கட்டை இன்றே தூக்கி எறியுங்கள். ஒருமுறை ரத்தம் போனாலும், அது தானாக நின்றாலும், அந்த வாரமே போய்க் காட்டுங்கள். உடம்புக்குள்ளே காவல்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை நேரத்தில் எழுப்ப வேண்டியது நம் பொறுப்பு.