பசி யார் குற்றம்?

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் லயத்து அம்மா ஒருவர் மூட்டுவலிக்கு மருந்து வாங்கப் போனார். மருந்து கொடுத்தவர் ஏற இறங்கப் பார்த்து, "வாயைக் கட்டு, எல்லாம் சரியாகும்" என்றாராம். அன்று முதல் பகல் சோற்றை விட்டார் அந்த அம்மா. மூன்றாம் நாள் நிரையில் மயங்கி விழுந்தார். பசி வாயில் பிறப்பதில்லை. அதைச் சொல்லவே இன்று எழுந்தோம்.

வயிறு காலியானதும் கிரெலின் என்ற ஹார்மோன் அங்கே சுரந்து, இரத்தத்தோடு மூளைக்குப் போய்ப் பசியைக் கிளப்புகிறது. 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதைக் கண்டார்கள். உடலின் கொழுப்பிலிருந்து வருவது லெப்டின். அதன் மரபணுவை 1994-ல் நியூயார்க்கில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் கண்டறிந்தார்கள். ஸ்டோர் கணக்கு எழுதும் எங்களைப் போன்ற கிராணிமாருக்கு இது எளிதில் விளங்கும். லெப்டின் இருப்புக் கணக்கு. இருப்புக் குறைந்தது என்று தெரிந்தால் மூளை கொள்முதலைக் கூட்டும், செலவைச் சுருக்கும். பருத்த உடம்பில் லெப்டின் நிறையவே உண்டு. ஆனால் மூளை அதைக் கவனிப்பதில்லை. தந்தி போகிறது, படிப்பாரில்லை!

பட்டினி கிடந்தால் தீருமா? மெல்போர்னில் எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தார்கள். கிரெலின் இன்னும் உயர்ந்தே இருந்தது. அந்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது.

நமக்கு நெருக்கமான சங்கதி தூக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தார் பன்னிரண்டு வாலிபர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரமும், வேறு இரண்டு இரவு பத்து மணி நேரமும் படுக்க வைத்தார்கள். தூக்கம் குறைந்தபோது லெப்டின் நூற்றுக்கு 18 இறங்கியது. கிரெலின் நூற்றுக்கு 28 ஏறியது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களில் ஆசை கூடியது. இது 2004-ல் வெளியான முடிவு. பன்னிரண்டு பேர், இரண்டே இரவு, சிறிய சோதனைதான். ஆனால் விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும் நாம், இரவு பதினொரு மணி வரை கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தால் மிஞ்சுவது எத்தனை மணி? பிறகு டின் பால் தேநீரும் பிஸ்கட்டும் கையைப் பிடித்து இழுப்பதில் வியப்பென்ன?

இன்னொன்று. சோறு குடலுக்கு இறங்கிய பிறகே "போதும்" என்னும் ஹார்மோன்கள் நன்றாகச் சுரக்கின்றன. பால் எடுக்கும் அவசரத்தில் ஐந்து நிமிடத்தில் விழுங்குகிறவருக்கு அந்தச் செய்தி வந்து சேருமுன் தூக்குச்சட்டி காலி.

ஆகவே, பசியாற அரை மணி நேரம் வேண்டுமென்று வரும் பேச்சுவார்த்தையில் கேட்கக் கிளைக் குழு முடிவு செய்திருக்கிறது. அந்த அம்மா தேறி வேலைக்கு வந்துவிட்டார். கையெழுத்துத் தாள் அவரிடம்தான் இருக்கிறது. போகும்போது போட்டுவிட்டுப் போங்கள்.