மீண்டும் மீண்டும் பூக்கும் கொடி ரோஜா
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் இம்மேடையில் பேசத்தக்கார் பலர் உளர். நாமோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்து வருகின்றோம். எமக்குத் தெரிந்த பொருள் ஒன்றே. அது எமது குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கும் கொடி ரோஜா. அதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார், அதற்கு உடன்பட்டோம்.

ஆங்கில நாட்டின் சிற்றூர்களில் குடிசைத் தோட்டம் என்றொரு முறை உண்டு. கோடு போட்டுப் பாத்தி பிரிக்காமல், கீரையும் மூலிகையும் பூவும் ஒன்றோடொன்று கலந்து வளர, வாசல் வளைவிலோ சுவரிலோ ஒரு ரோஜாக்கொடி படர்ந்திருக்கும். இதில் நமக்குப் புதுமை ஒன்றும் இல்லை. நம் பாட்டிமார் கொல்லையில் துளசியும் கனகாம்பரமும் கறிவேப்பிலையும் அவ்வாறுதானே கூடி வாழ்ந்தன? இக் கரக்பூரிலும் குளிர்காலத்தில் கொத்தமல்லி, வெந்தயக் கீரை, சாமந்தி, ஹாலிஹாக் யாவும் ஒரே வேலிக்குள் செழிக்கின்றன. அவற்றின் பின்னணியாக நிற்கத் தக்கது கொடி ரோஜாவே.

ஆயினும் கொடி ரோஜாக்களில் பல, ஆண்டுக்கு ஒரு முறை பூத்து ஓய்பவை. காரணம் கேளுங்கள். காட்டு ரோஜாவில், வசந்தம் கழிந்ததும் பூப்பதைத் தடுக்கும் மரபணு ஒன்று உண்டு. பூக்காத தளிர் நீண்டுகொண்டே போகின்றது. அதனாலேயே அது கொடியாகின்றது. சீன ரோஜாவில் அம்மரபணு பழுதுற்றுச் செயலிழந்தது என்று 2012-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அங்கே தளிர் ஒவ்வொன்றும் பூவில் முடிகின்றது. ஆகவே, நீளமும் இடைவிடாப் பூவும் ஒரே செடியில் அமைவது அரிது. அவ்வாறு அமைந்தவற்றுள் ஒன்றுதான் எமது வாசலில் நிற்கும் ‘கிளைம்பிங் ஐஸ்பெர்க்’. 1958-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கோர்டஸ் என்பவர் வெளியிட்ட வெள்ளைப் புதர் ரோஜாவிலிருந்து, 1968-இல் இங்கிலாந்தில் இயல்பாகவே கொடியாக மாறி வெளிப்பட்ட கிளை இது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. மணிப்பூர் மலைகளில் மரமேறிப் படரும் ‘ரோசா ஜைகான்டியா’ என்னும் பெருங்கொடி ரோஜாவைக் கொண்டு, வெப்ப நாடுகளுக்கு ஏற்ற வகைகளைக் கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதியர் பல்லாண்டு முயன்று உருவாக்கியுள்ளனர் என்பது தமிழர் மகிழத்தக்க செய்தி.

இனி எமது பட்டறிவைச் சொல்கின்றோம். ஏழு ஆண்டுகளுக்கு முன், மார்கழிக் குளிரில் வண்டியில் செடி விற்க வந்தவரிடம் இதனை வாங்கினோம். இவ்வூர் மண் செம்புரை மண். கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். இரண்டடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மொரத்தை அகற்றி, குளத்து வண்டலும் மக்கிய சாணமும் சரிபாதி கலந்து, இரண்டு பிடி எலும்புத் தூளும், கறையானுக்கு அஞ்சி ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் இட்டு நட்டோம். சுவரிலிருந்து ஓரடி தள்ளி நட வேண்டும். சுவரடி மண் நீரை இழந்துவிடும். நாள்தோறும் ஆறு மணி நேர வெயிலும் வேண்டும்.

செடி வளர்ந்தது. அடியிலிருந்து எழுந்த கிளை ஒன்று மூங்கில்போல் ஓங்கிற்று. இரண்டு ஆண்டுகள் அதனைப் போற்றி வளர்த்தோம். மாசியில் ஒரு முறை சிறு சிறு வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக வந்தன. அவ்வளவே; பின்னர் ஆண்டு முழுதும் இலைதான். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று வெட்டி எறியத் துணிந்தோம்.

அப்போதுதான் எமது அன்னையார் தடுத்தார். தந்தையார் மறைந்த பின் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து எம்முடன் தங்கியவர். தமிழன்றி வேறு மொழி அறியார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காள மூதாட்டியாரை நாங்கள் எல்லோரும் ‘மாசிமா’ என்று அழைப்போம். அவருக்கோ வங்காளியன்றி வேறு தெரியாது. ஆயினும் இருவரும் வேலியருகே நாள்தோறும் பேசுவர்! அன்று மாசிமா வேலி கடந்து வந்து, மண்ணைக் கையால் விலக்கி, கிளை எங்கிருந்து புறப்படுகின்றது என்று அன்னையாருக்குக் காட்டினார். ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து புறப்பட்ட கிளை அது! இலைக்காம்பின் அடியில் சீப்புப் பல்போன்ற பிசிறுகளும் இருந்தன; வேர்ச்செடியாகப் பயன்படும் ‘மல்டிஃப்ளோரா’வின் அடையாளம் அது. நாம் இரண்டு ஆண்டுகள் சோறிட்டு வளர்த்தது விருந்தாளியை அன்று. வீட்டைப் பறிக்க வந்தவனை. உண்மையான ரோஜாவோ ஒரு சாண் அளவில் நோஞ்சானாய் மறைந்து கிடந்தது.

வேர்க்கிளையைக் கத்தரித்தால் மீண்டும் முளைக்கும். வேரோடு பிய்த்து எடுத்தல் வேண்டும். அவ்வாறே செய்தோம். நோஞ்சான் தலை தூக்கிற்று.

அடுத்த பிழையும் எம்முடையதே. கொடியை நேர் செங்குத்தாகக் கூரை நோக்கிக் கட்டினோம். பூக்கள் உச்சியில் மட்டும் பூத்தன. பூசைக்குப் பறிக்க அன்னையாருக்கு எட்டவில்லை. நுனி மொட்டு, தனக்குக் கீழுள்ள கணுக்களை உறங்கச் செய்கின்றது. இது செடிகளின் இயல்பு. கொடியை வளைத்து வேலியோடு கிடையாகக் கட்டினால் நுனியின் அதிகாரம் குறைகின்றது. கணுதோறும் தளிர் வெடிக்கின்றது. வளைத்துக் கட்டிய அந்த ஆண்டிலேயே இடுப்பளவு உயரத்தில் வேலி நெடுகப் பூ!

கத்தரிப்பில் கவனம் வேண்டும். புதர் ரோஜாவைப்போல் கொடியை அடியோடு வெட்டலாகாது. முதல் இரண்டு ஆண்டுகள் காய்ந்ததை மட்டும் நீக்குங்கள். பின்னர் ஐப்பசியில் பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கணுக்கள் விட்டு வெட்டுங்கள். முதிர்ந்த தண்டு ஒன்றை ஆண்டுதோறும் அடியில் நீக்கி, புதுத் தண்டுக்கு இடம் கொடுங்கள். வாடிய பூவை உடனே கிள்ளிவிடுங்கள். காய் கட்டினால் செடி தன் வேலை முடிந்ததென்று ஓய்ந்துவிடும். கடுகுப் புண்ணாக்கை நான்கைந்து நாள் ஊறவைத்து, தேநீர் நிறத்துக்கு நீர்த்து, குளிர்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றுங்கள். இவ்வாறு பேணினால் கார்த்திகை முதல் பங்குனி வரை, ஏறத்தாழ ஆறேழு வாரத்துக்கு ஒரு முறை, பூ அலையலையாக வரும். கோடையில் பூ சிறுக்கும். மழையில் இலையில் கரும்புள்ளி விழும். அப்போது உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். நீரை வேரில் மட்டும் விடுங்கள்.

அன்பர்களே, ஒரு செய்தி சொல்லி முடிக்கின்றோம். எமக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. பிள்ளைகளின் தேர்வு முடிந்ததும் வேறு கோட்டத்துக்குப் புறப்பட வேண்டும். கட்டில், பீரோ, அம்மி யாவும் லாரியில் ஏறும். ஏழாண்டு வேர் ஓடிய கொடி ஏறாது. குவார்ட்டர்ஸ் நமதன்று, வாசலில் நிற்பதும் நமதன்று.

உத்தரவைக் கேட்ட அன்னையார் ஊரைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. “நாம போயிட்டா மாசிமாவுக்குப் பூ யாருடா கொடுப்பா?” என்று மட்டும் கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை.

ஆகவே இந்த ஐப்பசியில் வெட்டிய கிளைகளை எறியவில்லை. பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில் முப்பது துண்டுகள் நறுக்கி, மணல் கலந்த மண்ணில் மூன்றில் இரு பங்கு புதையும்படி நிழலில் ஊன்றினோம். இருபத்தொன்று பிழைத்தன. இவை தம் சொந்த வேரில் நிற்பவை. இவற்றில் வேர்ச்செடியின் தொல்லை இல்லை. முதற் கன்றை அன்னையார் தம் கையாலேயே மாசிமாவின் வேலியோரம் நட்டுவிட்டார். மற்ற இருபதும் இம்மண்டபத்தின் வாயிலருகே உள்ளன. குடும்பத்துக்கு ஒன்றாக எடுத்துச் செல்ல வேண்டுகின்றோம்.

உங்களுக்கும் ஒரு நாள் உத்தரவு வரும். அதற்கு முந்திய ஐப்பசியில், வெட்டும் கிளைகளை எறியாதீர்கள். இதுவே எமது வேண்டுகோள்.