கலம் காணாத விளக்கு



நாம் வெளிச்சவீடு என்பதைச் சிலப்பதிகாரம் கலங்கரை விளக்கம் என்கிறது. கரைதல் என்றால் அழைத்தல். கலங்களை அழைக்கும் விளக்கு. அப்படி அழைத்து ஓய்ந்த ஒரு கோபுரத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கொழும்புக் கோட்டையில் சதாம் வீதியும் ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கும் இடத்தில் அது நிற்கிறது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்டின் துணைவியார் வரைந்த திட்டப்படி 1857 இல் மணிக்கூட்டுக் கோபுரமாக எழுந்தது. 1867 இல் உச்சியில் விளக்கு ஏற்றப்பட்டது. ஊருக்கு நேரமும் கப்பலுக்குத் திசையும் ஒரே கோபுரம் சொல்லிற்று.

1952 இல் விளக்கு அணைந்தது. புயல் அதைச் சாய்க்கவில்லை. துறைமுகத்தால் செழித்த நகரம் எழுப்பிய மாடிகளே ஒளியை மறைத்தன. கடலோரத்தில் காலி பக் வெளிச்சவீடு அப்பணியை ஏற்றது. அதன் எதிரிலும் துறைமுக நகருக்காகக் கடல் நிரப்பப்பட்டது. 2019 இல் நிறைவுற்ற அவ்வேலையில் 269 ஹெக்டேயர் நிலமாயிற்று.

மணிக்கூடு இருந்தமையாலேயே பழைய கோபுரம் மக்களுக்கு வேண்டியதாயிருந்தது என்பது என் எண்ணம். பயன்பாடு நல்ல காவல்தான். ஆனால் கல்லைக் காப்பது பாதி வேலையே. கடலைக் காணாத வெளிச்சவீடு பெயரளவில்தான் வெளிச்சவீடு.

வடக்கே பருத்தித்துறையிலும் தெற்கே தெய்வேந்திரமுனையிலும் உள்ளவை இன்னும் கடலை நேரே பார்க்கின்றன. அவற்றின் முன்னால் மாடிகள் எழுமுன்பே, கோபுரத்தோடு அந்தத் திறந்த வெளியையும் நாம் காக்கவேண்டும்.